ஆர்க்ரைட்டை எதோடு பொருத்துவது? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தொழிற்புரட்சிப் பாடத்தை ஆண்டு தவறாமல் நடத்தினேன். அதில் வரும் 'பொருத்துக' கேள்வியையும் ஆண்டு தவறாமல் திருத்தினேன். புத்தகத்தின் அட்டை மாறியது, படங்கள் மாறின, இந்தக் கேள்வி மட்டும் அசையவில்லை. பறக்கும் நாடா – ஜான் கே. நூற்கும் ஜென்னி – ஹார்கிரீவ்ஸ். நீர்ச்சட்டகம் – ஆர்க்ரைட். மியூல் – கிராம்ப்டன். விசைத்தறி – கார்ட்ரைட். கடைசி பெஞ்சுப் பையன்கள் ஆர்க்ரைட்டையும் கார்ட்ரைட்டையும் இடம் மாற்றிப் போடுவார்கள். நானும் சிவப்பு மையில் சுழித்து ஒரு மார்க் குறைப்பேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பையன்கள் செய்த தவறைவிடப் பெரிய தவறு கேள்வியிலேயே இருந்தது.

ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், நீர்ச்சட்டகம்னா தண்ணியில சட்டம் செய்வாங்களா?" வகுப்பே சிரித்தது. "தண்ணீரால் ஓடும் நூற்பு இயந்திரம்" என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். உண்மையில் எனக்கும் அதற்குமேல் தெரியாது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் ஃபிட்டராக இருந்தவர். "அது பிரேம்டா. நாங்க ஓட்டுனோமே, அதோட தாத்தன். சட்டகம்னு எழுதுனா எவனுக்குப் புரியும்?" என்றார். அம்மா விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுத்தார். "ரெண்டு விரலையும் கிட்டக் கிட்ட வச்சு இழு." இழுத்தேன், வரவில்லை. "இப்ப நல்லாத் தள்ளிப் பிடிச்சு இழு." பிய்ந்து போனது. "இழையோட நீளத்துக்கு ஒரு இம்மி கூட வச்சு இழுத்துப் பாரு." வழுக்கிக்கொண்டு வந்தது, அறவில்லை. "அவ்வளவுதான். மீதியெல்லாம் முறுக்கு."

இந்த 'ஒரு இம்மி'தான் ஆர்க்ரைட்டின் கதை. அதை ஏன் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் லங்காஷயரின் பிரெஸ்டன் ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் அனுப்பக் காசில்லை. ஒன்றுவிட்ட அக்கா ஒருத்திதான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். முடிதிருத்தும் தொழில் கற்றுக்கொண்டு போல்டனில் கடை போட்டார். பொய்முடி செய்வதற்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கூந்தலை விலைக்கு வாங்கினார். அப்படி அலைந்த ஊர்களில்தான் நூற்பவர்களையும் நெய்பவர்களையும், அவர்களுக்கு நூல் போதாமல் கிடந்த கஷ்டத்தையும் பார்த்தார்.

வாரிங்டனில் ஜான் கே என்ற கடிகாரக்காரரைப் பிடித்தார். (இவர் வேறு, பறக்கும் நாடா ஜான் கே வேறு. இருவரையும் ஒருவராக்கி நடத்திய பாவம் எனக்கும் உண்டு.) இந்தக் கே அதற்கு முன் தாமஸ் ஹைஸ் என்பவரிடம் நூற்பு இயந்திரம் ஒன்றில் வேலை செய்திருந்தார். அதற்கும் முன்னால், 1738லேயே, லூயிஸ் பால் என்பவர் உருளைகளால் பஞ்சை இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்; ஜான் வயாட் அவருக்குக் கூட்டு. அவர்கள் மில்லும் வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆக, உருளை ஆர்க்ரைட்டின் யோசனை அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக உருளை ஜோடிகளை வைத்து, பின்னால் இருப்பதைவிட முன்னால் இருப்பதை வேகமாகச் சுழலவிட்டால் பஞ்சு இழுபட்டு மெலியும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. ஜோடிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, மேல் உருளை வழுக்காமலிருக்க எவ்வளவு எடை தொங்கவிடுவது என்ற இரண்டையும் ஓடுகிற அளவுக்குச் சரிசெய்ததுதான் அவர் பக்கத்து வேலை. 1769இல் காப்புரிமை வாங்கிவிட்டார்.

16 ஆண்டுகள் கழித்து, 1785 ஜூனில், நீதிமன்றம் அந்தக் கதையைக் கிளறியது. ஹைஸ் வந்து சாட்சி சொன்னார், கடிகாரக்காரர் கேயும் வந்து சாட்சி சொன்னார். 1775இல் அவர் வாங்கியிருந்த இரண்டாவது காப்புரிமை ரத்தானது. எங்கள் 'பொருத்துக' கேள்விக்கு நாங்கள் சரி என்று போட்ட விடையை, லண்டன் ஜூரி இருநூறு வருடத்துக்கு முன்பே சுழித்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் மனிதர் அசரவில்லை. மறு ஆண்டே 'சர்' பட்டம். அதற்கடுத்த ஆண்டு டெர்பிஷயர் மாவட்டத்தின் ஷெரீஃப். 1789–90வாக்கில் ஜோசப் ரைட் என்ற டெர்பி ஓவியரை அழைத்துத் தன்னை வரையச் சொன்னார். தொப்பையும் தொடையுமாக நாற்காலியில் அமர்ந்திருப்பார். பக்கத்து மேசையில் என்ன தெரியுமா? ஒரு செட் உருளைகள். வழக்கில் தோற்ற பிறகு, அதே உருளைகளோடு படம்! எனக்கு அந்தத் துணிச்சலைப் பார்த்துக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

சரி, உருளை அவருடையது இல்லை என்றால் எது அவருடையது? அதைத் தெரிந்துகொள்ள டெர்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியிருந்தது. மகள் டெர்பியில் வேலை செய்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, வடக்கே 25 கிலோமீட்டரில், ஆர்க்ரைட் மில் கட்டிய குரோம்ஃபோர்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "அங்க என்னப்பா இருக்கு, பழைய கட்டடம்தானே" என்றாள். பழைய கட்டடம்தான். பாதையைப் பார்த்து நிற்கும் பக்கம் கீழ்த்தளங்களில் ஜன்னலே இல்லை. கோட்டைச் சுவர் போல நிற்கிறது. நூல் நூற்கிற இடத்துக்கு எதற்குக் கோட்டை?

லங்காஷயரில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னிகளை 1768இல் கூட்டம் புகுந்து உடைத்தது. அவர் நாட்டிங்காமுக்கு ஓடினார். அதே வருடம் ஆர்க்ரைட்டும் நாட்டிங்காமுக்கு வந்து, குதிரைகளை வைத்து ஒரு மில்லை ஓட்டினார். குதிரைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. காலுறைத் தொழிலில் சம்பாதித்திருந்த சாமுவேல் நீட், ஜெடிடையா ஸ்ட்ரட் இருவரும் முதல் போட்டார்கள். 1771இல் குரோம்ஃபோர்டில் இடம் குத்தகைக்கு எடுத்தார்கள்.

ஏன் அந்தப் பட்டிக்காடு? அங்கே நகரம் இல்லை, துறைமுகம் இல்லை, நல்ல சாலைகூட இல்லை. பஞ்சு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் துருக்கிப் பக்கத்திலிருந்தும் வரவேண்டும். (அந்தத் தீவுகளில் பஞ்சை எடுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். இந்த ஒரு வரியாவது பாடத்தில் வரவேண்டும்.) இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

முதலில் தண்ணீர். பக்கத்தில் டெர்வென்ட் ஆறு பெரிதாக ஓடுகிறது. ஆனால் முதல் மில்லுக்கு அவர் ஆற்றைத் தொடவில்லை. பான்சல் ஓடையையும், குரோம்ஃபோர்டு வடிகாலையும் பிடித்தார். அந்த வடிகால் என்ன என்று கேட்டபோதுதான் எனக்குப் பாடம் புரிய ஆரம்பித்தது. அந்த மலைகளில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஆழத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற, மலையைக் குடைந்து நீளமாகச் சுரங்க வடிகால் வெட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருவதால் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. இங்கிலாந்தின் ஜனவரியில் சக்கரம் நிற்காமல் சுற்ற இதைவிட என்ன வேண்டும்? சுரங்கக்காரர்கள் வேண்டாம் என்று வெளியே தள்ளிய தண்ணீர், உலகத்தின் முதல் வெற்றிகரமான நீராற்றல் பருத்தி நூற்பாலையை ஓட்டியது.

அடுத்தது ஆட்கள். ஆண்கள் சுரங்கத்துக்குப் போய்விடுவார்கள். பெண்டுபிள்ளைகளுக்கு நிலையான கூலி வேலை அதிகம் இல்லை. பிரேமுக்கு வேண்டியதும் அவர்கள்தான். அறுந்த இழையை ஒட்டுவதற்குப் பலம் வேண்டாம், சின்ன விரல் போதும். 1771 டிசம்பரில் டெர்பி பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கடிகாரக்காரர்கள் இருவர் வேண்டும், பல்சக்கரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொல்லர் ஒருவர், மரக் கடைசல்காரர் இருவர் வேண்டும். அக்கம்பக்கத்து நெசவாளர்களுக்கும் வேலை உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை உண்டு, நல்ல கூலி. கொல்லரும் கடிகாரக்காரரும் சேர்ந்துதான் தொழிற்புரட்சியைச் செய்தார்கள். பாடநூலில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதில் ஃபிட்டர் மகனுக்கு வருத்தம் உண்டு.

மூன்றாவது, தூரம். இயந்திரம் உடைக்கிற கூட்டத்துக்கு எட்டாத இடம் வேண்டும். 1779இல் சோர்லிக்குப் பக்கத்தில் பர்க்கேக்கரில் இருந்த அவருடைய மில்லைக் கூட்டம் புகுந்து அழித்தது. குரோம்ஃபோர்டுக்கும் வருவார்கள் என்று துப்பாக்கியும் பீரங்கியுமாகக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஜன்னல் இல்லாத சுவருக்குப் பின்னால் இருந்த பயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு குறை இருந்தது. போதுமான மனிதர்கள் இல்லை. ஆகவே மனிதர்களை வரவழைக்க வேண்டும். வரவழைத்தால் வீடு வேண்டும். 1776–77இல் நார்த் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவையே கட்டினார். கருங்கல் போன்ற உறுதியான மணற்கல்லில் வரிசை வீடுகள், மூன்று மாடி. மேல்மாடியில் நீள ஜன்னல், வெளிச்சம் கொட்டும். அங்கே அப்பா தறியோ காலுறை பின்னும் சட்டமோ வைத்துக்கொண்டு வேலை செய்வார். அம்மாவும் பிள்ளைகளும் கீழே மில்லுக்குப் போவார்கள். குடும்பத்தோடு ஆள் எடுத்தார், பிள்ளை நிறைய உள்ள குடும்பம் என்றால் இன்னும் நல்லது. 7 வயதுப் பிள்ளையும் வேலைக்குப் போகலாம். அவருடைய கடைசிக் காலத்தில் வேலை செய்த ஏறக்குறைய 1,150 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் குழந்தைகள். சத்திரம் கட்டினார், சந்தை கூட்டினார். வருடத்துக்கு ஒரு வாரம் லீவும் கொடுத்தார், ஆனால் ஊரை விட்டுப் போகக் கூடாது!

அந்தத் தெருவில் நின்று மேல்மாடி ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "என்னப்பா பாக்கற?" என்றாள் மகள். எங்கள் மில் லைன் வீடு ஞாபகம் வந்தது என்றேன். அவள் பிறந்தபோது நாங்கள் அங்கே இல்லை, அவளுக்குத் தெரியாது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். விவசாயி சூரியனைப் பார்த்து எழுவான். வீட்டில் ராட்டை வைத்திருந்த பெண் சோறு வடித்துவிட்டு உட்காருவாள், குழந்தை அழுதால் எழுவாள். குரோம்ஃபோர்டில் காலை 5 மணிக்கு மணி அடிக்கும், மாலை 5 மணிக்கு மணி அடிக்கும். 6 மணிக்குக் கதவு சாத்தப்படும், காலையிலும் சரி, மாலையிலும் சரி. ஒரு நிமிடம் தாமதமானால் அன்று வேலை கிடையாது, கூடுதலாக ஒரு நாள் கூலியும் போகும். இரவில் வடிகால் தண்ணீர் நிற்பதில்லை, அதனால் மில்லும் நிற்பதில்லை. பகல் ஷிப்டு போனதும் இரவு ஷிப்டு. அதே ஜோசப் ரைட், இந்த மில்லை இரவில் வரைந்திருக்கிறார். மேகத்துக்குள் நிலா, கருப்பாக மலை, நடுவே வரிசை வரிசையாக மஞ்சள் ஜன்னல்கள். அழகான படம். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் தூக்கம் கெட்ட ஒரு பிள்ளை நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அழகு கொஞ்சம் குறையும்.

கோவையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்களுக்கு மணி இல்லை, சங்கு. மில் சங்கு ஊதினால் அம்மா அடுப்பைப் பார்ப்பாள், அப்பா சைக்கிளைப் பார்ப்பார், ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று நாங்கள் ஓடுவோம். மில்லுக்குப் போகாதவர்களும் சங்குக்குக் கட்டுப்பட்டார்கள். அந்தச் சங்கின் முதல் ஓசை எங்கே எழுந்தது என்று தேடினால் அந்த டெர்பிஷயர் ஓடைக்கரைக்குத்தான் போய் நிற்போம். ஆர்க்ரைட்டை எதோடு பொருத்துவது என்று இப்போது என்னைக் கேட்டால் பிரேமைச் சொல்ல மாட்டேன், ஷிப்டைச் சொல்வேன்.

தண்ணீர், உருளை, வீடு, பிள்ளை, மணி. ஒவ்வொன்றையும் அதற்கு முன் யாராவது வைத்திருந்தார்கள். டெர்பியிலேயே 1721 முதல் தண்ணீரில் ஓடும் பட்டு ஆலை ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து லாபம் வரும்படி ஓட்டிக் காட்டியதுதான் முடிதிருத்துபவரின் சாமர்த்தியம்.

இன்னொன்று. இது நம்மைத் தொடுகிற சங்கதி, பாடத்தில் காணவே காணோம். தறி தெரிந்தவர்களுக்குப் பாவும் ஊடையும் தெரியும்: நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் இழுவையைத் தாங்க வேண்டும், ஊடை நூல் அவ்வளவு வலுவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்கவில்லை. ஆகவே பாவுக்கு லினன் (ஆளிச் செடி நாரில் நூற்ற நூல்), ஊடைக்குப் பருத்தி என்று கலந்துதான் நெய்தார்கள். முழுப் பருத்தித் துணி வேண்டுமென்றால் இந்தியாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். நம் கோரமண்டலக் கரையில் பெண்கள் ராட்டையில் நூற்ற நூலே பாவுக்குத் தாங்கியது. அதில் நெய்து சாயமிட்ட துணிக்கு லண்டன் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். அதைத் தாங்க முடியாமல் 1721இல் அங்கே சட்டம் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை விதித்தார்கள்.

ஆர்க்ரைட்டின் பிரேம் நூற்ற நூல் முறுக்கேறி, பாவுக்குத் தாங்கியது. இங்கிலாந்திலேயே முழுப் பருத்தித் துணி நெய்யலாம் என்று ஆயிற்று. ஆனால் நம் துணிக்காகப் போட்ட சட்டம் அவர்கள் துணிக்கும் குறுக்கே நின்றது! ஸ்ட்ரட் லண்டனுக்குப் போய் அலைந்து, 1774இல் நாடாளுமன்றத்தில் விலக்கு வாங்கினார். உள்நாட்டில் நூற்று உள்நாட்டில் நெய்த பருத்தித் துணி என்றால் அனுமதி. அடையாளத்துக்குத் துணியின் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும். மூன்று நீல இழை! என் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் மறந்திருக்காது. தன் வேட்டிக் கரையையே தொட்டுப் பார்த்திருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைப் பாடத்தில் வேறொரு அத்தியாயத்தில், 'ஆங்கிலேய ஆட்சியின் பொருளாதார விளைவுகள்' போன்ற தலைப்பில் வைத்திருப்பீர்கள். இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே நூறு பக்கம். நம் ராட்டைக்காரியும் குரோம்ஃபோர்டின் 7 வயதுப் பெண்ணும் ஒரே நூலின் இரண்டு முனையில் நின்றவர்கள் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இது பரவிய வேகத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரட் பெல்பரிலும் மில்ஃபோர்டிலும் கட்டினார். பெல்பரில் 1803இல் ஒரு மில் தீப்பிடித்தது. அவர் மகன் வில்லியம் இரும்புத் தூண் வைத்து, தீப்பிடிக்காதபடி திரும்பக் கட்டினார். இன்றைய உயர்ந்த கட்டடங்களுக்கு அது ஒரு மூதாதை. ஜெர்மனியில் ராட்டிங்கன் என்ற இடத்தில் புரூகல்மான் 1783–84இல் ஒரு மில் கட்டி, வெட்கமில்லாமல் அதற்குக் 'குரோம்ஃபோர்டு' என்றே பெயரிட்டார். ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே ரோட் தீவில் பிரேம் கட்டி ஓட்டினார். பெல்பர்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள். ஹைஸ் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். குரோம்ஃபோர்டில் பிள்ளைகள் பெற்றோரோடு இருந்தார்கள். அதே மாவட்டத்தில், வை ஆற்றங்கரையில் லிட்டன் மில் இருந்தது. அங்கே லண்டன் அநாதை இல்லங்களின் பிள்ளைகளைப் பயிற்சிக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து அடைத்தார்கள். அப்படி வந்த ராபர்ட் பிளின்கோ என்பவரின் வாழ்க்கை பிற்பாடு அச்சில் வந்து நாட்டையே உலுக்கியது. 1802இல் பயிற்சிப் பிள்ளைகளுக்கு 12 மணி நேரம்தான் வேலை என்று ஒரு சட்டம் வந்தது, கண்காணிக்க ஆளில்லை. 1833இல்தான் 9 வயதுக்குக் குறைந்தவர்களை எடுக்கக் கூடாது என்றும், பார்வையிட ஆய்வாளர் வேண்டும் என்றும் ஆனது. விடுதியில் தங்கவைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தப் பணம் தருகிறோம் என்று நம் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனது எந்தக் காலத்தில்? நம் காலத்தில். என் வகுப்பிலிருந்தே இரண்டு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். லிட்டனைப் பற்றி நான் நடத்தவில்லை. நடத்தியிருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டில் பணம் வேண்டியிருந்தது. ஆனால் போகிற இடத்தில் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கும்.

ஆர்க்ரைட் 1792இல் இறந்தார். சொத்து ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டு என்றார்கள். தன் மில்களுக்கு எதிரே கட்டிய மாளிகையில் குடியேறக் கொடுத்துவைக்கவில்லை. மில்லுக்கு என்ன ஆனது என்பது இன்னும் சுவாரசியம். சுரங்கக்காரர்கள் இன்னும் ஆழத்துக்குப் போக, கீழே மீர்புரூக் என்ற இடத்தில் புது வடிகால் வெட்டினார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. குரோம்ஃபோர்டு வடிகால் வற்றியது. ஆர்க்ரைட் குடும்பம் வழக்குப் போட்டது. 1839இல் நீதிமன்றம் கேட்ட கேள்வி நம் ஊர் வாய்க்கால் தகராறு தெரிந்தவர்களுக்குப் பழக்கமானதுதான்: இது இயற்கையாக ஓடும் ஆறா, மனிதர் வெட்டிய கால்வாயா? சுரங்கத்துக்காக வெட்டியது, சுரங்கத்துக்கு வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம், கீழே பயன்படுத்தியவருக்கு உரிமை கிடையாது என்று தீர்ப்பு. அதோடு அங்கே நூற்பு ஒடுங்கியது. ஆற்றில் கட்டியிருந்த மாசன் மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மில் பின்னாளில் வண்ணப்பொடித் தொழிற்சாலையாக, சாயம் ஊறிய சுவர்களோடு கிடந்து, 1979இல் தான் ஒரு அறக்கட்டளை வாங்கி மீட்டது. 2001இல் அந்த 24 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமானது.

நம் பக்கத்திலும் இதே தண்ணீர்க் கதை உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணி இறங்கும் வேகத்தைப் பிடித்துத்தான் நூற்பாலை ஓட்டினார்கள். அதே நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்று வேலைநிறுத்தத்தை வென்றதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆனால் விடுதலைப் போராட்டப் பாடத்தில். கோவையில் மில் ஓட்டுகிற அளவுக்கு ஓடையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் பெருகின. தண்ணீரைத் தேடி மில் போனது டெர்பிஷயரில். நம் ஊரில் தண்ணீர் கம்பி ஏறி மில்லைத் தேடி வந்தது. பைக்காராவைப் புவியியல் பாடத்திலும் ஆர்க்ரைட்டை வரலாற்றுப் பாடத்திலும் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று நாம்தான் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

என் கோரிக்கை பெரியதல்ல. 'பொருத்துக' கேள்வியை எடுத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலைக் குறைத்து, குரோம்ஃபோர்டு என்ற ஒரே ஒரு ஊருக்கு மூன்று பக்கம் கொடுங்கள். ஒரு வரைபடம் போடுங்கள்: ஈயச் சுரங்கம், வடிகால், ஓடை, மில், நார்த் ஸ்ட்ரீட், ஆறு. உருளைக்கு ஒரு படம் போடுங்கள், அதன் கீழே 'பஞ்சை எடுத்து நீயே இழுத்துப் பார்' என்று எழுதுங்கள். நீர்ச்சட்டகம் என்ற சொல்லை வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே மில்காரர்கள் இதைப் பிரேம் என்பார்கள் என்று ஒரு வரி சேருங்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மில்லுக்குப் போனவர் யாராவது இருப்பார். பிள்ளை போய்க் கேட்கும்.

கேள்வி வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: 'ஆறு பக்கத்தில் இருந்தும் ஆர்க்ரைட் ஏன் சுரங்க வடிகால் தண்ணீரைப் பயன்படுத்தினார்? அதனால் வந்த நன்மை என்ன, பிற்காலத்தில் வந்த வினை என்ன?' ஐந்து மார்க். மனப்பாடம் செய்து எழுத முடியாது. ஆர்க்ரைட்டையும் கார்ட்ரைட்டையும் மாற்றிப் போட்ட பையன் இதற்குச் சரியாக எழுதிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. அவன் அப்பாவுக்குச் சொந்தமாகக் கிணறு இருந்தது.

படத்துக்கு மாதிரி தேவைப்பட்டால், அப்பா வேலையிலிருந்து நின்றபோது கொண்டுவந்த பழைய மேல் உருளை ஒன்று என் மேசையில் இருக்கிறது. ரப்பர் உறை கொஞ்சம் வெடித்திருக்கிறது, மற்றபடி நன்றாகச் சுற்றும். சொல்லியனுப்பினால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை